பிக் யூத் ஏன் சொந்த லேபிள் தொடங்கினார்: ரெகே டீஜேயின் தொழிலும் கணக்கும்

கேள்வி இது: ஜமைக்காவின் பிக் யூத்தைப் பற்றி எங்கே படித்தாலும் 'டீஜே, தயாரிப்பாளர்' என்று போட்டிருக்கிறது. ஆனால் தட்டில் அவர் பேசுகிறார், பாடுகிறார். இசைத்தட்டு போடுபவர்தானே டீஜே? இன்னொருவர் பாட்டின் மேல் பேசியவர் எப்படித் தயாரிப்பாளர் ஆனார்? எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

முதலில் அந்தச் சொல். ஜமைக்காவில் தட்டை எடுத்துப் போடுபவர் செலக்டர். தட்டு ஓடும்போது மைக்கைப் பிடித்துத் தாளத்தோடு பேசுபவர்தான் டீஜே. இரண்டும் வேறு வேறு ஆள், வேறு வேறு வேலை. சவுண்ட் சிஸ்டம் என்பதை நம்மூர்த் திருவிழா மைக் செட்டோடு ஒப்பிட்டால் பாதி புரிந்துவிடும்: ஆள் உயரப் பெட்டிகள், பேஸுக்குத் தனி ஆம்ப்ளிஃபயர், மேல் சுருதிக்குத் தனி ஹார்ன், திறந்தவெளி, நுழைவுக் கட்டணம், பானம் விற்கும் மேசை. பல செட்டுகளில் ஒரே ஒரு டர்ன்டேபிள்தான் இருந்தது. ஒரு தட்டை எடுத்து அடுத்ததை வைக்கும்வரை விழும் மௌனத்தை யாராவது நிரப்ப வேண்டும். அந்த இடைவெளியில் பிறந்த வேலைதான் டீஜேயுடையது. 1950களில் கவுண்ட் மச்சூக்கி அமெரிக்க வானொலி அறிவிப்பாளர்களின் வேகப் பேச்சைக் கேட்டுப் பழகி அதைக் கிங்ஸ்டன் மைதானங்களுக்குக் கொண்டுவந்தார்.

இது தட்டில் ஏறுவதற்கு இன்னொன்று தேவைப்பட்டது: பாடகர் குரல் இல்லாத இசை. 1960களின் கடைசியில் ஸ்பானிஷ் டவுனைச் சேர்ந்த சவுண்ட் சிஸ்டம்காரர் ரடி ரெட்வுட்டுக்காகப் பாராகன்ஸ் குழுவின் ஒரு பாட்டைத் தட்டில் வெட்டும்போது குரல் டிராக்கைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். ரெட்வுட் அதை அப்படியே போட, கூட்டமே சேர்ந்து பாடியது. அங்கிருந்து வந்ததுதான் 'வெர்ஷன்': ஏழு அங்குலத் தட்டின் ஒரு பக்கம் பாட்டு, மறுபக்கம் அதே பாட்டின் இசை மட்டும். அந்த இசைக்கு ஜமைக்கர்கள் சொல்லும் பெயர் ரிடிம். 1970இல் ஒலிப்பொறியாளர் கிங் டபியின் செட்டில் பேசிக்கொண்டிருந்த யூ ராய், தயாரிப்பாளர் டியூக் ரீடின் பழைய ராக்ஸ்டெடி (ரெகேவுக்குச் சற்று முந்தைய ஜமைக்க இசை) நாடாக்கள் மேல் பேசிய மூன்று தட்டுகள் ஜமைக்காவின் வெற்றிப் பாடல் வரிசையில் ஒரே சமயத்தில் முதல் மூன்று இடங்களைப் பிடித்தன. மேடைப் பேச்சு விற்கும் என்பது அன்று நிரூபணமானது.

பிக் யூத்தின் இயற்பெயர் மேன்லி அகஸ்டஸ் புக்கானன். 1949 ஏப்ரல் 19 அன்று கிங்ஸ்டனில் பிறந்தவர். டாக்சி ஓட்டினார், பிறகு ஒரு ஹோட்டலில் மெக்கானிக். 'பிக் யூத்' என்பது அங்கே கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர். 1970களின் தொடக்கத்தில் டிப்பர்டோன் என்ற சவுண்ட் சிஸ்டத்தின் நிலையான டீஜே ஆனார். 1972இல் பாடகர்கள் கிரெகரி ஐசக்ஸும் எரோல் டங்க்லியும் நடத்திய ஆஃப்ரிக்கன் மியூசியம் லேபிளில், அதாவது தட்டு வெளியிடும் நிறுவனத்தில், முதல் தட்டு. அது பெரிதாக ஓடவில்லை.

ஓடியது அதே காலத்தில் கீத் ஹட்சன் தயாரித்த 'எஸ் 90 ஸ்காங்க்'. எஸ் 90 என்பது அப்போது கிங்ஸ்டன் இளைஞர்கள் கண்வைத்திருந்த 90 சிசி ஹோண்டா பைக். பதிவுக்காக ஹட்சன் ஒரு பைக்கையே ஸ்டுடியோவுக்குள் கொண்டுவந்து முடுக்கச் சொன்னார். தட்டு அந்த உறுமலோடுதான் தொடங்குகிறது. மின்னல் மாதிரி ஓட்டாதே, இடி மாதிரி விழுவாய் என்பது அதில் வரும் அறிவுரை. மெக்கானிக்காக இருந்தவர் வாயில் அது சரியாகப் பொருந்தியது. ஜமைக்காவில் முதலிடம். இசை மட்டும் புதிதல்ல. 'ட்ரூ ட்ரூ டு மை ஹார்ட்' என்ற பாட்டுக்காக ஹட்சன் ஏற்கெனவே பதிந்து வைத்திருந்தது. உங்கள் கேள்வியின் விடை இங்கேதான் இருக்கிறது, அதனால் ஒரு டீஜே தட்டு எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நான்கு டிராக் நாடா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான பிரிவினை: ஒன்றில் டிரம்ஸும் பேஸும், இரண்டில் கிட்டாரும் ஆர்கனும் பியானோவும், மூன்றில் ஊதுகருவிகள், நான்கில் பாடகர். இதை டைனமிக், ராண்டீஸ், ஹாரி ஜே போன்ற பெரிய ஸ்டுடியோவில் பதிவார்கள், ஏனென்றால் குழு உட்கார இடம் வேண்டும். பிறகு தயாரிப்பாளர் நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு வாட்டர்ஹவுஸ் பகுதியில், 18 டிரோமிலி அவென்யூவில் இருந்த கிங் டபியின் வீட்டுக்குப் போவார். அங்கே குழுவுக்கு இடமே கிடையாது. குரல் பதியும் அறை முன்பு குளியலறையாக இருந்தது. ஆனால் டைனமிக்கிலிருந்து வாங்கிய நான்கு டிராக் மிக்ஸர் இருந்தது. அதில் 70 ஹெர்ட்ஸிலிருந்து 7,500 ஹெர்ட்ஸ் வரை படிப்படியாகக் கீழ்ச்சுருதியை அறுக்கும் ஒரு பெரிய குமிழ். டபி அதைத் திருகும்போது பேஸ் மெல்லக் காணாமல் போய், டிரம்ஸ் தகர டப்பா மாதிரி ஒலித்து, திரும்பவும் பேஸ் வந்து விழும். டீஜே ஹெட்ஃபோனில் ரிடிமைக் கேட்டபடி பேசுவார்.

தவறுகள் எங்கெங்கே வரும்? முதல் சிக்கல் கசிவு. எல்லோரும் ஒரே அறையில் வாசிக்க, பாடகரும் அங்கேயே பாடியிருந்தால், அவர் குரல் டிரம்ஸ் மைக்கிலும் ஏறியிருக்கும். நான்காம் டிராக்கை மூடினாலும் பின்னால் ஆவி மாதிரி ஒரு குரல் கேட்கும். பழைய வெர்ஷன்களில் கேட்கும் மங்கலான குரல் பெரும்பாலும் இதுதான். இரண்டாவது, காலி டிராக் இல்லாதது. அப்போது ஊதுகருவி டிராக்கின் மேலேயே டீஜேயைப் பதிந்துவிடுவார்கள். பழையது அழிந்தது, திரும்பி வராது. இல்லையென்றால் எங்கும் பதியாமல், மிக்ஸ் செய்யும்போதே நேராகக் கடைசி நாடாவுக்கு அனுப்புவார்கள். அப்படிச் செய்தால் டீஜே ஒரு சொல் தடுமாறினாலும் மிக்ஸரில் கைவைத்தவர் உட்பட எல்லோரும் முதலிலிருந்து வர வேண்டும்.

மூன்றாவது, தாளம். இது டீஜேயின் சொந்தப் பிரச்சினை. ஒன்-டிராப் தாளத்தில் நான்கு எண்ணிக்கையில் முதல் எண்ணிக்கை காலியாக இருக்கும். கிக்கும் ஸ்னேரும் மூன்றில் விழும். கிட்டார் இரண்டிலும் நான்கிலும் வெட்டும். புதிதாகப் பேசுபவர் காலியாக இருக்கும் ஒன்றில் சொல்லை அழுத்துவார். உடனே பேச்சு ஒரு பக்கம், ரிடிம் ஒரு பக்கம் என்று பிரிந்து போகும். இன்னொரு பிழை, பாடகரின் வரியை மிக்ஸில் விட்டுவைத்திருக்கும் இடத்தில் அதன் மேலேயே பேசிவிடுவது. பாடகர் ஒரு வரி விட, டீஜே பதில் சொல்ல வேண்டும். கிட்டத்தட்ட எசப்பாட்டு. யூ ராய் அந்தப் பதிலில் மன்னன். அவர் பாடகரோடு வம்பிழுப்பார், கூவுவார், இடைவெளியை எல்லாம் நிரப்புவார். பிக் யூத் செய்தது வேறு. குரலைத் தாழ்த்தி, உயிரெழுத்துகளை இழுத்து, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப ஓதுகிற மாதிரி, அடிக்குச் சற்றுப் பின்னால் நின்று பேசினார். எத்தியோப்பியப் பேரரசர் ஹைலி செலாசியைப் போற்றும் ஜமைக்கச் சமயமான ரஸ்தஃபாரியின் வழிபாட்டு ஓதலின் சாயல் அதில் இருக்கிறது. கேட்க எளிதாகத் தெரியும். செய்து பார்த்தால்தான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும், ஏனென்றால் பின்னால் நிற்பதற்கும் தாளம் தப்புவதற்கும் இடையே மயிரிழைதான்.

இனி காசு. வாத்தியக்காரர்களுக்குப் பாட்டுக்கு இவ்வளவு, ஸ்டுடியோவுக்கு மணிக்கு இவ்வளவு என்று தயாரிப்பாளர் ஒரு முறை கொடுக்கிறார். பாடகரின் தட்டில் அந்தச் செலவு கழிந்துவிடும். அதே ரிடிமில் அடுத்து டீஜே தட்டு வந்தால் புதுச் செலவு குரல் பதிவு, மிக்ஸ், அச்சு மட்டும். பிறகு அதே ரிடிமில் மெலோடிகா (ஊதி வாசிக்கும் சிறு கீபோர்டு) வாசித்த தட்டு ஒன்று, அதன் மறுபக்கம் டப் (வாத்தியங்களை மறைத்தும் திரும்பக் கொண்டுவந்தும் செய்த மிக்ஸ்) ஒன்று. ஒரு ரிடிம், ஐந்தாறு வெளியீடு. டீஜேக்குக் கிடைப்பது ஒரு தொகை, அதோடு சரி. 1993இல் புதிய பதிப்புரிமைச் சட்டம் வரும்வரை ஜமைக்காவில் பழைய பிரிட்டிஷ் சட்டத்தின் வழிவந்த விதிகளே இருந்தன. நடைமுறையில் நாடா யார் கையில் இருக்கிறதோ அவரே உரிமையாளர். டீஜே கையில் நாடா இல்லை. மெட்டும் அவருடையதல்ல. தட்டு எத்தனை ஆயிரம் விற்றாலும் அவருடையது குரல் மட்டும்.

1972, 73இல் பிக் யூத்தின் நிலை இதுதான். டெரிக் ஹாரியட்டுக்கு 'கூல் பிரீஸ்' (கீத் அண்ட் டெக்ஸின் 'ஸ்டாப் தட் ட்ரெய்ன்' ரிடிம்), ஜோ கிப்ஸுக்கு 'எ ஸோ வீ ஸ்டே' (டென்னிஸ் பிரவுனின் 'மனி இன் மை பாக்கெட்' ரிடிம்), பிரின்ஸ் பஸ்டருக்கு 'சீ சீ ரன்' என்று ஊரில் இருந்த தயாரிப்பாளர்கள் எல்லோருக்கும் பேசினார். 1973 ஜனவரி 22 அன்று கிங்ஸ்டன் நேஷனல் ஸ்டேடியத்தில் ஜார்ஜ் ஃபோர்மன் ஜோ ஃபிரேசியரை இரண்டே சுற்றுகளில் ஆறு முறை கீழே வீழ்த்தினார். அந்தக் குத்துச்சண்டையும் தட்டானது. டீஜே தட்டு அந்த ஊருக்குச் செய்தித்தாள் மாதிரி. தீவின் இரண்டு வானொலிகளான ஜேபிசியும் ஆர்ஜேஆரும் ரஸ்தா பேச்சுக்கு அவ்வளவாக இடம் கொடுக்கவில்லை. சவுண்ட் சிஸ்டம்தான் அவருக்கு வானொலி.

அந்த வருடம் வெளியான 'ஸ்கிரீமிங் டார்கெட்' ஆல்பத்தைத் தயாரித்த கஸ்ஸி கிளார்க்குக்கு இருபது வயதுகூட ஆகியிருக்கவில்லை. தலைப்புப் பாட்டு ஒரு அலறலோடு தொடங்கி, கே. சி. வைட் பாடிய 'நோ நோ நோ' ரிடிமில் இறங்குகிறது. டீஜே ஆல்பம் என்பது ஒற்றைத் தட்டுகளைச் சேர்த்துக் கட்டிய மூட்டையாக இருந்த காலத்தில், முதலிலிருந்து கடைசிவரை ஒரே மனநிலையில் ஓடும் ஆல்பம் இது. ரெகே டீஜே ஆல்பங்களில் இதைவிட மேலான ஒன்று வரவில்லை என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அந்த நாடாவும் கிளார்க்குடையது.

அதே 1973இல் பிக் யூத் நெகுசா நகஸ்ட் என்ற லேபிளைத் தொடங்கினார். எத்தியோப்பியாவின் பழைய மொழியான கீயஸில் அரசர்க்கு அரசர், எத்தியோப்பியப் பேரரசரின் பட்டம். இன்னொரு லேபிளுக்குத் தன் பெயரையே வைத்தார்: அகஸ்டஸ் புக்கானன். இந்த முடிவின் துணிச்சலை உணர, தயாரிப்பாளராக அவர் செய்ய வேண்டியிருந்த வேலைகளைப் பார்க்க வேண்டும். குழுவை அமர்த்த வேண்டும். அவருக்காக வாசித்தவர்களில் சோல் சிண்டிகேட் முக்கியமானவர்கள், பேஸில் ஃபுல்லி ஃபுல்வுட், டிரம்ஸில் சாண்டா டேவிஸ், கிட்டாரில் சின்னா ஸ்மித். ஒரே நாள் வாடகையில் எத்தனை ரிடிம் முடியுமோ அத்தனையையும் பதிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு உதைக்கும். மிக்ஸ் முடிந்ததும் முதலில் டப் பிளேட். அலுமினியத் தகட்டின் மேல் மென்மையான அரக்குப் பூச்சு, பெரும்பாலும் பத்து அங்குலம். அதைச் செட்டில் போட்டுக் கூட்டம் எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பார்ப்பார்கள். பூச்சு மென்மையானது என்பதால் ஊசி ஓட ஓடத் தேயும். சில டஜன் முறைக்கு மேல் மேல்சுருதி மங்கிவிடும். கூட்டம் 'இன்னொரு முறை' என்று கத்தினால் மட்டும் அச்சுக்குப் போக வேண்டும்.

அச்சில் அரக்குத் தகட்டிலிருந்து உலோக அச்சு, அதிலிருந்து தாய்த்தகடு, அதிலிருந்து ஸ்டாம்பர். இங்கே ரெகேவுக்கென்றே ஒரு தலைவலி உண்டு. பேஸ் பலமாக இருந்தால் தட்டின் வரிப்பள்ளம் அகலமாக அலையும். ஏழு அங்குலத்தில், நிமிடத்துக்கு 45 சுற்றில், மூன்றரை நிமிடத்துக்கு மேல் போனால் வரிகளை நெருக்க வேண்டும். நெருக்கினால் ஒலியளவைக் குறைக்க வேண்டும். குறைத்தால் செட்டில் தட்டு எடுபடாது. குறைக்காமல் வெட்டினால் ஊசி துள்ளும். ஜமைக்கத் தட்டுகள் மூன்று நிமிடத்துக்குள் மங்கி மறைவதற்கு இது ஒரு காரணம். அச்சுக்கூலியை முன்பணமாகக் கட்ட வேண்டும். பிறகு கட்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு கிங்ஸ்டனின் ஆரஞ்ச் தெருத் தட்டுக் கடைகளுக்குப் போக வேண்டும். கடைக்காரர் விற்றபிறகு தருவார். விற்காததைத் திருப்பித் தருவார். ஆயிரம் தட்டு அடித்து இருநூறு விற்றால் அடுத்த பதிவுக்குக் காசில்லை. அதனால்தான் சொந்த லேபிளில் வந்த அவர் தட்டுகளுக்கு நடுவே, பிறருக்காகப் பேசிய தட்டுகளும் தொடர்ந்து வந்தன. 1975இல் பிரின்ஸ் டோனி ராபின்சன் தயாரித்த 'டிரெட்லாக்ஸ் டிரெட்' அப்படிப்பட்டது. அதில் பர்னிங் ஸ்பியரின் 'மார்கஸ் கார்வி'யின் மேல் அவர் பேசியிருப்பதைக் கட்டாயம் கேளுங்கள்.

சொந்தத் தயாரிப்புகளில் 1974இன் 'ரெகே ஃபினாமினன்', 1976இல் இங்கிலாந்தில் ட்ரோஜன் நிறுவனம் வெளியிட்ட 'நாட்டி கல்ச்சுரல் டிரெட்', 'ஹிட் த ரோட் ஜாக்' மூன்றும் முக்கியம். நாடா தன் கையில் வந்ததும் அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். பேச்சை விட்டுப் பாடத் தொடங்கினார். ரே சார்ல்ஸ் 1961இல் பாடிப் புகழ்பெற்ற 'ஹிட் த ரோட் ஜாக்'கையும் மார்வின் கேயின் பாட்டையும் எடுத்துத் தன் போக்கில் பாடினார். சுருதி நிற்காத இடங்கள் நிறைய உண்டு, மறைக்க வேண்டியதில்லை. சம்பளத்துக்குப் பேச அழைத்த எந்தத் தயாரிப்பாளரும் அவரைப் பாட விட்டிருக்க மாட்டார். அந்தத் தழுதழுத்த குரலில் 'ஹிட் த ரோட் ஜாக்' கேட்கும்போது, இதை வேறு யாரும் இப்படிப் பாட முடியாது என்று தோன்றுகிறது. ஆனால் ஆல்பமாகப் பார்த்தால் 'ஸ்கிரீமிங் டார்கெட்'டின் கட்டுக்கோப்பு இவற்றில் இல்லை. வேண்டாம் என்று சொல்ல ஆள் இல்லாததன் விலை அது.

அடுத்த பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1978 ஏப்ரல் 22 அன்று கிங்ஸ்டனில் நடந்த ஒன் லவ் அமைதிக் கச்சேரியில் பங்கேற்றார். அந்த வருடமே வர்ஜினின் ஃப்ரண்ட் லைன் லேபிள் அவரை இங்கிலாந்தில் வெளியிட்டது. முன்பல்லில் பதித்த சிவப்பு, பொன், பச்சைக் கற்களும் மேடையில் அவிழ்த்துவிட்ட சடையும் அவர் அடையாளங்களாகின. 1980களில் ரெகேயிலிருந்து கிளைத்த டான்ஸ்ஹால் இசையின் வேகமான பேச்சும், பிறகு கணினி ரிடிம்களும் வந்தபோது அவருடைய நிதானமான ஓதல் பின்னுக்குப் போனது. ஆல்பங்கள் இடைவெளி விட்டு வந்தன. அவர் காலத்து டீஜேக்களில் டாப்பர் ஸூக்கி, ஜா தாமஸ், பிரின்ஸ் ஜாஸ்போ ஆகியோரும் லேபிள் தொடங்கினார்கள். தாமஸும் ஸூக்கியும் மற்றப் பாடகர்களைத் தயாரிப்பதில் பிக் யூத்தைவிட வெகுதூரம் போனார்கள். பிக் யூத் பெரும்பாலும் தன்னைத்தான் தயாரித்துக்கொண்டார்.

எங்கே தொடங்குவது? முதலில் 'ஸ்கிரீமிங் டார்கெட்'. பிறகு, சொந்த லேபிள் காலத்தை முழுதாகக் கேட்க, பிளட் அண்ட் ஃபயர் நிறுவனம் 2000இல் வெளியிட்ட 'நாட்டி யூனிவர்சல் டிரெட் 1973–1979' என்ற மூன்று தட்டுத் தொகுப்பு. அதற்கு மேல் சுருக்கமான வழி இல்லை. 'சீ சீ ரன்' என்ற பெயரில் இருக்கும் ஆல்பத்தை அவருடைய முழு ஆல்பம் என்று நினைத்து வாங்காதீர்கள். அதில் மற்றவர்களும் இருக்கிறார்கள்.

பழைய ஜமைக்க ஏழு அங்குலம் வாங்குவதாக இருந்தால் சில விஷயங்கள். நடுவோட்டை பெரிது, சுமார் 38 மில்லிமீட்டர். அடாப்டர் இல்லாமல் டர்ன்டேபிளில் நிற்காது. அந்த ஓட்டை சற்றே விலகி வெட்டப்பட்டிருப்பது சாதாரணம். அப்போது ஆர்கனின் சுருதி மேலும் கீழும் ஊசலாடும், டர்ன்டேபிளைக் குறை சொல்லாதீர்கள். பழைய தட்டுகளை உருக்கிக் கலந்து அடித்ததால், கழுவினாலும் போகாத கரகரப்பு சிலவற்றில் இருக்கும். கழுவியும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி பொரிந்தால் அது அழுக்கு அல்ல, பிளாஸ்டிக்கிலேயே இருப்பது. லேபிள் தாளில் பெயர் தவறாக இருக்கலாம், தாளே வெற்றாகக்கூட இருக்கலாம். கடைசி வரிக்கும் தாளுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில் கீறியிருக்கும் எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

தாளில் பெயர் இருந்தால் பாடியவர் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதைத் தேடுங்கள். கீத் ஹட்சன், கஸ்ஸி கிளார்க், ஜோ கிப்ஸ் என்று இருந்தால் அது அவர்கள் நாடா. எம். புக்கானன், ஏ. புக்கானன் என்று இருந்தால் அவருடையது. கேட்கும்போது முதலில் டென்னிஸ் பிரவுனின் 'மனி இன் மை பாக்கெட்'டைப் போட்டு, உடனே 'எ ஸோ வீ ஸ்டே'யைப் போடுங்கள். பிரவுன் வரியை முடித்து மூச்சு வாங்கும் இடம் எது என்று முதல் தட்டில் குறித்துக்கொள்ளுங்கள்; இரண்டாவதில் பிக் யூத் சரியாக அங்கேதான் நுழைகிறார்.